அப்பா இல்லையென்று சொன்ன ஆட்டம்

என் வயதுக்காரர்களே, நெய்வேலி குவார்ட்டர்ஸில் என்னோடு வளர்ந்து, இப்போது திசைக்கொருவராய் உட்கார்ந்து முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருப்பவர்களே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். நம் பிள்ளைகளிடம் சொன்னால், "செம்ம ஸ்டோரிம்மா, இத ரெக்கார்ட் பண்ணிக்கவா?" என்பார்கள். எனக்கு இது ஸ்டோரி இல்லை. இத்தனை வருஷம் கழித்தும் நினைத்தால் வயிறு எரிகிறது.

என் மகள் சென்னையில் நடனம் ஆடுகிறாள். பரதநாட்டியம் இல்லை, கன்டெம்பரரி. சலங்கை கிடையாது, நகை கிடையாது, தொளதொளவென்று ஒரு கறுப்பு பேன்ட், வெறுங்கால். விழுகிறார்கள், எழுகிறார்கள், மூச்சு வாங்குகிற சத்தம் நமக்குக் கேட்கிறது. முதல் தடவை பார்த்தபோது யாருக்கோ மயக்கம் வந்துவிட்டது என்று நாற்காலியை விட்டு எழுந்தே விட்டேன். போன வருஷம் அவர்கள் குழுவில் ஆளாளுக்கு ஒரு வேலை கொடுத்திருக்கிறார்கள். உன் குடும்பத்துப் பெரியவர்கள் எப்படி நடந்தார்கள், எப்படிக் குனிந்தார்கள், எதற்கு ஆடினார்கள், அதைத் தேடிக் கொண்டுவந்து உன் உடம்பில் வை என்று. ஒரு மதியம் போன் செய்தாள்.

"அம்மா, நம்ம ஊர் எதும்மா? நிஜமான ஊர்?"

"நெய்வேலிதான்டி."

"அது டவுன்ஷிப்மா. அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடியும் அதேதான்."

"சரி, தாத்தாவுக்கு ஏதாவது ஆட்டம் தெரியுமா?"

தாத்தாவுக்குத் தெரியுமா என்றுதான் கேட்டாள். உனக்குத் தெரியுமா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. போனை அப்பாவின் கையில் கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். அம்மாவும் இல்லை, என் வீட்டுக்காரரும் இல்லை. வடலூர் பக்கத்தில் கட்டிய வீட்டில் இப்போது நானும் அப்பாவும்தான். எண்பதைத் தாண்டிய மனிதர் ஸ்பீக்கரில் போட்டு ஒரு மணி நேரம் பேசினார். அவர் சொன்ன ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டே வெண்டைக்காய் நறுக்கினேன்.

அவர் பேத்தியிடம் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்கிறேன்.

உங்களுக்கு நினைவிருக்கும், நம் டவுன்ஷிப்பில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பேருக்கு அடுத்த கேள்வி சொந்த ஊர் எது என்பதுதான். திருநெல்வேலி வீடு, மணப்பாறை வீடு, சேலத்து வீடு என்றுதான் வீடுகளுக்கே பேர். பொங்கல் வந்தால் பிளாக்கே காலியாகும். ஷிப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மட்டும் எல்லார் வீட்டுச் செடிக்கும் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருப்பார்கள். ஊரிலிருந்து திரும்பியதும் வீட்டுக்கு வீடு பலகாரம் வரும். அல்வா வரும், முறுக்கு வரும், கருப்பட்டி மிட்டாய் வரும். ஊர் இல்லாத வீடு என்று ஒன்று இருக்க முடியாது, நம் பிளாக் கணக்கில்.

எங்களுக்கு ஊர் இல்லை. இருந்தது, சுரங்கத்துக்குள் போய்விட்டது. நாங்கள் நிலம் வைத்திருந்தவர்கள் இல்லை, பிறர் நிலத்தில் கூலி வேலை. ஊரின் கடைசியில் தனியாக இருந்த தெரு எங்களுடையது. ஊர் கலைந்தபோது அத்தை, அதாவது அப்பாவின் அக்கா, வாழ்க்கைப்பட்டுப் போன சேத்தியாத்தோப்பில் சொந்தக்காரர்கள் பாதிப்பேர் ஒதுங்கினார்கள். அப்பா கான்ட்ராக்டில் சேர்ந்து, பல்லைக் கடித்துக் காத்திருந்து, பர்மனென்ட் ஆகி, குவார்ட்டர்ஸ் வாங்கினார். தினமும் அவர் வேலைக்கு இறங்கியது அவர் பிறந்த இடத்துக்குள்தான்.

ஆனால் அதைச் சொல்ல முடியாது. அந்த ஊர்ப் பேரைச் சொன்னால் அடுத்த கேள்வி எந்தத் தெரு என்று வரும். தெருவைச் சொன்னால் அப்புறம் கேள்வியே வராது, பேச்சும் வராது. அதனால் குவார்ட்டர்ஸுக்கு வந்த அன்றே அப்பா ஒரு காரியம் செய்தார். எங்கள் வரிசையில் யார் யார் எந்த ஊர் என்று மெல்ல விசாரித்து, யாருமே இல்லாத ஊராகப் பார்த்து, கும்பகோணம் பக்கம் என்று சொல்லிவிட்டார். அதில் இன்னொரு வசதியும் இருந்தது. கும்பகோணம் பஸ் சேத்தியாத்தோப்பு வழியாகத்தான் போகும்.

ஒவ்வொரு பொங்கலுக்கும் பெட்டி படுக்கையோடு கும்பகோணம் பஸ்ஸில் ஏறுவோம். பக்கத்து வீட்டம்மா, அவர்களுக்குச் சேலம் பஸ், எங்களுக்குக் கையாட்டுவார்கள். நாங்கள் சேத்தியாத்தோப்பில் இறங்கிவிடுவோம். டவுன்ஷிப்பைத் தாண்டியதும் அப்பாவின் பேச்சே மாறிவிடும். சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டு, "அக்கா வூட்ல இந்நேரம் கொழம்பு கொதிச்சிக்கினு இருக்கும்" என்பார். திரும்பும்போது அம்மா சேத்தியாத்தோப்புச் சந்தையில் வெற்றிலை வாங்கி, ஈரத்துணியில் சுற்றி, கும்பகோணத்து வெற்றிலை என்று வீட்டுக்கு வீடு கொடுப்பாள். "வாயில வெச்சா அப்படியே கரையுது, கும்பகோணம்னா கும்பகோணம்தான்" என்பார்கள் பக்கத்து வீட்டம்மா. வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டு அம்மா சிரிப்பாள். அப்பா சிரிக்க மாட்டார்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், பள்ளிக்கு ஒரு டான்ஸ் டீச்சர் வந்தார். இளம் வயது, நல்ல மனுஷி. தொல்லையே அதுதான். ஆண்டு விழாவுக்குப் புதிதாக ஏதாவது செய்ய வேண்டும் என்று அவருக்கு ஆசை. அரையாண்டுத் தேர்வு முடிந்ததும் எங்களை உட்கார வைத்துச் சொன்னார்.

"எல்லாரும் பொங்கலுக்கு ஊருக்குப் போறீங்கல்ல? ஆளுக்கு ஒரு ஆட்டம் பாத்துட்டு வாங்க. உங்க ஊர்ல, உங்க வீட்ல ஆடறது. சினிமா ஆட்டம் வேணாம். யார் நல்லா பாத்துட்டு வராங்களோ அவங்கள நடுவுல நிறுத்துவேன்."

நடுவில் நிற்க வேண்டும். அந்த வயதில் எனக்கு அதைவிடப் பெரிய ஆசை எதுவும் கிடையாது. நான் கறுப்பு, ஒல்லி. எந்த நாடகத்திலும் மரமாகவோ வேலைக்காரியாகவோதான் நிற்க வைப்பார்கள். இந்தத் தடவை விடக்கூடாது என்று மனசுக்குள் கங்கணம் கட்டிக்கொண்டேன்.

அந்தப் பொங்கலில் அத்தையின் மாமியார் செத்துப்போனார். நிறைய வயதாகி, பேரன் பேத்தி எடுத்து, வலியில்லாமல் போன சாவு. கல்யாணச் சாவு. காலையிலேயே மோளக்காரர்கள் வந்துவிட்டார்கள். வாசலில் வைக்கோலைக் கொளுத்தி மோளத்தைக் காய்ச்சினார்கள். காய்ந்த தோலும் வைக்கோல் புகையும் சேர்ந்த அந்த வாசனை இப்போதும் என் மூக்கில் இருக்கிறது. முதல் அடி விழுந்ததும் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றேன்.

மாமா, அதாவது அத்தையின் வீட்டுக்காரர், செத்தவரின் மகன். அவர்தான் முதலில் இறங்கி ஆடினார். கண்ணில் தண்ணீர் ஊற்றுகிறது, கால் நிற்கவில்லை. ஆடிக்கொண்டே வந்து அப்பாவின் கையைப் பிடித்தார்.

"வா மச்சான். எங்கம்மா கையால எத்தினி நாளு சோறு துன்னுருப்ப. சும்மா பாத்துக்கினு நிக்கிற?"

"எனக்கு மறந்து போச்சி மாமா."

"காலு மறக்குமாடா? வாடா!"

அப்பா கைக்கடிகாரத்தைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தார். செருப்பை ஓரமாக விட்டார். அப்புறம் நான் பார்த்தது என் அப்பாவே இல்லை. பாடைக்கு முன்னால், பாடையைப் பார்த்தபடியே பின்னால் பின்னால் போய்க்கொண்டு ஆடுகிற ஆட்டம் அது. போகிற வழி முதுகுப் பக்கம் இருக்கும், முகம் செத்தவர் பக்கம். இடது காலை ஓங்கிப் போட்டு, இடுப்பை வளைத்து, கையை வானத்துக்கு வீசி, சட்டென்று மண்ணைத் தொட்டு எழுந்தார். குவார்ட்டர்ஸில் சத்தமாகத் தும்மக்கூட யோசிக்கிற மனிதர். அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

நானும் பிள்ளைகளோடு சேர்ந்து ஓரமாக ஆடினேன். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பார்த்தேன், வந்துவிட்டது. அத்தை அழுகைக்கு நடுவிலும், "அய்யய்ய, இது பாரேன், அப்பன உரிச்சி வெச்சிக்கினு ஆடுது" என்றார். அப்பாவும் திரும்பிப் பார்த்தார். பார்த்துச் சிரித்தார். அதை நன்றாக ஞாபகம் வைத்திருக்கிறேன்.

பொங்கல் முடிந்து பள்ளி திறந்தது. ஒத்திகை, பள்ளி வராண்டாவில். ஒருத்தி கும்மி கொண்டுவந்தாள், ஒருத்தி கோலாட்டம். என் முறை வந்ததும் பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆடினேன். மோளம் இல்லை, என் வாயாலேயே தாளம் போட்டுக்கொண்டேன். டீச்சர் வாயைப் பிளந்துவிட்டார்.

"இது எங்கடி கத்துக்கிட்ட?"

"எங்கப்பா ஆடுனாரு மிஸ். எங்க ஊர்ல."

"கும்பகோணம் பக்கம் இப்படி ஒரு ஆட்டமா! நீதான் நடுவுல. முடிவு பண்ணியாச்சு."

அன்று வீட்டுக்கு நடந்து போனேனா பறந்து போனேனா தெரியாது. வீட்டில் சொல்லவில்லை. விழாவன்று அப்பா முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்து அசந்துபோக வேண்டும் என்று ஆசை. நடைபாதை, குளியலறை, துணி காயப்போடுகிற இடம், எங்கே நின்றாலும் என் கால் சும்மா இருக்காது. ஷிப்ட் சங்கு ஊதினால்கூட அதற்கு ஒரு அடி வைப்பேன்.

சில நாள் கழித்து, முதல் ஷிப்ட் முடிந்து அப்பா சைக்கிளில் என்னைக் கூட்டிப்போக வந்து, வராண்டா ஓரமாக நின்றார். புருவத்தில்கூடக் கரித்தூள். அந்த நேரம் பார்த்துப் பக்கத்து வீட்டம்மாவும் தன் மகளைக் கூட்டிப்போக வந்து நின்றார்கள். வேறு அம்மாக்களும் இருந்தார்கள். டீச்சர் ஓடிவந்தார்.

"சார், வாங்க வாங்க! உங்களத்தான் பாக்கணும்னு இருந்தேன். உங்க பொண்ணு என்னமா ஆடறா! உங்ககிட்டேருந்துதான் வந்துச்சாமே? எனக்கு ஒரு உதவி பண்ணணும் சார். ஊர்ல அந்த மேளம் அடிக்கிறவங்கள விழாவுக்குக் கூட்டிட்டு வந்துடுங்க. உங்க ஆளுங்கதானே, நீங்க சொன்னா வருவாங்க."

அப்பா சைக்கிள் ஹேண்டிலைப் பிடித்தபடி நின்றார். "எந்த ஆட்டம்ங்க?" என்றார்.

"ஆடிக் காட்டும்மா, அப்பாவுக்கு."

ஆடினேன். அப்பா முன்னால் ஆடுகிற சந்தோஷத்தில் என்றைக்கும் ஆடாதபடி ஆடினேன். இல்லாத பாடையைப் பார்த்தபடி பின்னால் பின்னால் போய், தரையைத் தொட்டு எழுந்தேன். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. பக்கத்து வீட்டம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது எங்க ஆட்டம் இல்லீங்க டீச்சர்," என்றார். "எங்க பக்கம் இந்த மாதிரி எல்லாம் கெடயாது. ரோட்டுல எங்கியாச்சும் சாவு போறப்ப பாத்திருக்கும். புள்ள புத்தி."

"அப்பா, நீங்கதானே அத்தை வீட்ல..."

"சைக்கிள்ல ஏறு."

டீச்சரின் முகம் சுருங்கியது. சாவு என்ற சொல் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பக்கத்து வீட்டம்மா தன் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் நடந்தார்கள். அவர்களுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. இல்லை என்று அத்தனை அவசரமாகச் சொன்னால் யாருக்குத்தான் புரியாது?

வீட்டில் அப்பா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் தேவலை. கை கால் கழுவாமல், சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"எத்தினி வருசமா கட்டிக்கினு வந்தத ஒரு நிமிசத்துல இடிச்சிட்டியே. இனிமே இந்த வூட்ல ஆட்டம்னு பேச்சு வந்துச்சி, காலு இருக்காது."

அம்மாவுக்கு வந்ததே கோபம். "புள்ளைய ஏன் சொல்ற? நீ ஆடுன, அது பாத்துது. நீ இல்லன்னு சொன்னா ஆயிடுமா?"

"நீ வாய மூடு."

விழாவில் கும்மிதான் ஆடினார்கள். நடுவில் பக்கத்து வீட்டம்மாவின் மகள். நான் கீழே, ஜமுக்காளத்தில், அம்மாவின் மடிப்பக்கம் உட்கார்ந்திருந்தேன். என் கால் தானாகத் தாளம் போட, அம்மா தன் கையை என் முழங்கால் மேல் வைத்து அழுத்திக்கொண்டாள். விழா முடிகிறவரை எடுக்கவில்லை.

அப்புறம் நடந்தது உங்களில் சிலருக்குத் தெரியும். அம்மாவின் எவர்சில்வர் கிண்ணம் ஒன்று பக்கத்து வீட்டில் இருந்தது, பணியாரம் போட்டுக் கொடுத்தது. நம் பிளாக்கில் யார் வீட்டுக் கிண்ணமும் வெறுமையாகத் திரும்பாது, ஒரு வாழைப்பழமாவது போட்டுத்தான் வரும். அந்தக் கிண்ணம் பளிச்சென்று கழுவி, மதில் மேல் வைக்கப்பட்டிருந்தது. உள்ளே ஒன்றும் இல்லை. கூப்பிட்டுக்கூடக் கொடுக்கவில்லை. அம்மா அதை எடுத்துப் பரணில் போட்டாள். பிறகு எங்கள் வீட்டு வெற்றிலை யார் வீட்டுக்கும் போகவில்லை. அது ஒரு வீட்டோடு நிற்கவில்லை என்பதும் எனக்குத் தெரியும். பேர் சொல்ல மாட்டேன். படிக்கிறவர்களுக்கு யார் என்று தெரியும்.

அப்பா அலைந்து திரிந்து வேறு பிளாக்கில் வீடு மாற்றிக்கொண்டார். அங்கே ஊர் கேட்டவர்களிடம் விழுப்புரம் பக்கம் என்றார். வீடு மாறியது என்னால்தான் என்று ரொம்ப வருஷம் சொல்லிக்காட்டினார். நான் படித்தேன், தபால் ஆபீஸில் வேலைக்குப் போனேன், ரிட்டயரும் ஆகிவிட்டேன். கல்யாண வீடுகளில்கூட யாராவது பாட்டுக்குக் கையைத் தட்டினால் நான் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இப்போது யோசித்தால் அவர் பயந்ததும் பொய்யில்லை என்று தெரிகிறது. கிண்ணம் வெறுமையாகத்தான் வந்தது. அத்தை செத்தபோது அவர் ஷூவைக் கழற்றாமல், கையைக் கட்டிக்கொண்டு, தெருமுனையில் நின்றார். மோளம் அடித்தார்கள், அவர் அசையவில்லை. கூடப்பிறந்த அக்காவுக்கு ஆட முடியாமல் போனவரைப் பார்த்தால் பாவமாக இருந்தது. அந்தப் பாவம் வேறு, என் எரிச்சல் வேறு. ஒன்றுக்காக இன்னொன்றை விட முடியவில்லை.

என் மகள் விஷயத்துக்கு வருகிறேன். தாத்தாவிடம் கேட்டதோடு விடாமல் சேத்தியாத்தோப்புக்குப் போய், அத்தையின் பேரன்களோடு தங்கி, ஆட்டத்தைப் படித்துக்கொண்டாள். போன மாதம் சென்னையில் நிகழ்ச்சி. ஏசி ஹால், இருட்டு, ஒரே ஒரு விளக்கு. அவள் தரையில் கிடந்தாள். மெல்ல எழுந்தாள். மோளம் ஒலித்தது. எங்களுக்கு முகத்தைக் காட்டியபடி, பின்னால் பின்னால் போய்க்கொண்டே ஆடினாள். நாங்கள் எல்லாரும் பாடையில் இருப்பதுபோல இருந்தது. குறை சொல்ல ஒன்றுமில்லை. அத்தனை அழகு. என் மகள் என்ற பெருமையும், என் வயிற்றில் இருந்ததை யாரோ உருவிக்கொண்டு போனது போன்ற வலியும் ஒன்றாகவே வந்தன. எழுந்து போகத் தோன்றவில்லை.

கடைசியில் எல்லாரும் நின்றுகொண்டு கைதட்டினார்கள். மகள் தாத்தாவை மேடைக்குக் கைத்தாங்கலாக அழைத்துப்போய், கையில் மைக்கைக் கொடுத்தாள்.

"இது எங்க ஆட்டம்ங்க," என்றார் அப்பா. குரல் நடுங்கவேயில்லை. "எங்க சனங்க ஆடுனது. நான் ஆடியிருக்கேன். இது எங்க ரத்தத்துல இருக்குது. என் பேத்திக்கு வந்திருக்குது."

மறுபடியும் கைதட்டல். யாரோ ஒரு பெண் என்னைக் காட்டி, "அம்மாவும் ஆடுவாங்களா சார்?" என்று கேட்டாள். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்பா என்னைப் பார்த்தார். நேராகவே பார்த்தார்.

"அதுக்கு ஆட்டமெல்லாம் வராதுங்க. சின்னதுலேர்ந்தே அது படிப்பு, படிப்புதான்."

ஹாலே சிரித்தது. என் மகளும் சிரித்தாள்.

மறுநாள் காலை வாடகைக் காரில் ஊருக்குத் திரும்பினோம். திண்டிவனம் தாண்டியதும் கேட்டேன்.

"அப்பா, நான் ஆடுனது உங்களுக்கு ஞாபகம் இல்லியா?"

இல்லை என்று சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். வயசாகிவிட்டது, மறந்துவிட்டார் என்று விட்டிருப்பேன்.

"இல்லாம என்னா," என்றார். "ஸ்கூல் வராண்டால ஆடுன. நல்லாத்தான் ஆடுன. என்னவிட நல்லா."

"அப்புறம் ஏம்ப்பா வராதுன்னு சொன்னீங்க?"

"அத்தினி பேரு ஒக்காந்துக்கினு இருக்காங்க. பெத்த பொண்ண ஆடக்கூடாதுன்னு நிறுத்துனவன் நான்தான்னு மைக்ல சொல்லச் சொல்றியா? மரியாதையா இருக்குமா?"

"யாருக்குப்பா மரியாதை?" என்றேன். காற்று அடிக்கிறது, கண்ணாடியை ஏற்றச் சொல்லு என்றார். டிரைவர் ஏற்றினார்.

நான் ஆடினேன் என்பதற்கு அம்மா ஒரு சாட்சி, அவள் போய்விட்டாள். அந்த டீச்சர் எந்த ஊரில் இருக்கிறாரோ. மிச்சம் இருந்த ஒருவரும் மேடையேறி இல்லையென்று சொல்லிவிட்டார். அதனால்தான் உங்களைக் கூப்பிட்டு இத்தனையும் சொன்னேன். உங்களில் யாராவது அன்று அந்த வராண்டாவில் நின்றிருந்தால், என் மகளுக்கு ஒரு போன் போட்டு, உங்கம்மா ஆடினாள், நாங்கள் பார்த்தோம் என்று சொல்லுங்கள். நான் சொன்னாலும் நம்புவாள்தான். ஆனால் நானே போய்ச் சொல்லிக்கொள்ள எனக்கு ரோஷமாக இருக்கிறது.